பென் டிரைவில் வந்த போர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் வைரஸைப் பற்றியதாகத்தான் இருக்கும். "வைரஸ் வந்தால் மானிட்டர் வெடித்துவிடுமா தம்பி?" என்று உறவினர் ஒருவர் நிஜமான பயத்துடன் கேட்டார். வெடிக்காது மாமா என்றேன். வைரஸ் என்பது ஒரு புரோகிராம். ஃபைல்களை அழிக்கும், பாஸ்வேர்டைத் திருடும், கம்ப்யூட்டரை மெதுவாக்கும். மற்றபடி சுத்தியலை எடுத்து எதையும் உடைக்காது.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இந்தப் பதில் போதும். ஆனால் 2010-ல் உலகத்தின் கண்ணில் பட்ட ஒரு புரோகிராம், பூமிக்கு அடியில் இருந்த ஒரு தொழிற்கூடத்தில் நிஜமான இயந்திரங்களை உடைத்தது. விமானம் பறக்கவில்லை, குண்டு விழவில்லை. அந்தப் புரோகிராம் போய்ச் சேர்ந்த வழி, நீங்களும் நானும் சட்டைப் பையில் வைத்திருக்கும் பென் டிரைவ். அதன் பெயர் ஸ்டக்ஸ்நெட். போர் என்ற சொல்லுக்கு இருந்த அர்த்தத்தையே மாற்றிய இந்தப் புரோகிராமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். சொந்தக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நமக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது.

நடான்ஸில் என்ன இருந்தது?

ஈரான் நாட்டில் நடான்ஸ் என்ற இடத்தில் யுரேனியத்தைச் செறிவூட்டும் கூடம் ஒன்று நிலத்துக்கு அடியில் கட்டப்பட்டது. இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் இரண்டு வகை கலந்திருக்கும். அணு உலைக்கும் அணுகுண்டுக்கும் தேவையான யுரேனியம் 235 என்ற வகை அதில் 0.7 சதவீதம்தான். மீதி கிட்டத்தட்ட முழுவதும் யுரேனியம் 238. இரண்டுக்கும் எடையில் சிறு வித்தியாசம் மட்டுமே உண்டு.

இதைப் பிரிக்க யுரேனியத்தை ஒரு வாயுவாக மாற்றி, உயரமான குழாய்களுக்குள் செலுத்தி, அந்தக் குழாயை அசுர வேகத்தில் சுற்றுவார்கள். வாஷிங் மெஷினில் துணி பிழியும்போது துணியெல்லாம் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் அல்லவா? அதே போல எடை கூடிய அணுக்கள் ஓரத்துக்கு ஒதுங்கும், எடை குறைந்தவை நடுவில் நிற்கும். இந்தக் கருவிக்கு சென்ட்ரிஃபியூஜ் என்று பெயர். ஒரு கருவியில் கிடைக்கும் பலன் மிகக் குறைவு என்பதால் நடான்ஸில் 164 கருவிகளை ஒரு தொகுதியாக இணைத்திருந்தார்கள். அப்படிப் பல தொகுதிகள் இருந்தன.

வேகம் எவ்வளவு தெரியுமா? நொடிக்கு 1,064 சுற்று. வீட்டு வாஷிங் மெஷின் ஒரு நிமிடத்தில் சுற்றுவதை இது ஒரே நொடியில் சுற்றிவிடும். இந்த வேகம் கொஞ்சம் பிசகினாலும் குழாய் அதிர ஆரம்பிக்கும்.

வேகத்தைக் கட்டுப்படுத்தியது பி.எல்.சி. என்ற சிறு கம்ப்யூட்டர். உங்கள் வீட்டுத் தண்ணீர் டேங்க் நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெரிய அண்ணன்தான் இது. நூற்பாலை, பால் பேக்கிங், லிஃப்ட் என்று எங்கெங்கோ பி.எல்.சி. இருக்கிறது. மானிட்டர், கீபோர்டு எதுவும் கிடையாது. விண்டோஸ் உள்ள ஒரு கம்ப்யூட்டரில் புரோகிராமை எழுதி, கேபிள் மூலம் இதற்குள் இறக்க வேண்டும். நடான்ஸில் இருந்தவை சீமென்ஸ் நிறுவனத்தின் பி.எல்.சி.க்கள். அவற்றுக்குப் புரோகிராம் எழுத ஸ்டெப் 7 என்ற சாஃப்ட்வேர் தேவை.

பாதுகாப்புக்காக இந்தக் கம்ப்யூட்டர்களை இன்டர்நெட்டுடன் இணைக்கவே இல்லை. இன்டர்நெட் இல்லையென்றால் வைரஸ் எப்படி வரும்?

ஐகானைப் பார்த்தாலே போதும்

தொழிற்கூடத்துக்கு இன்டர்நெட் தேவையில்லை. ஆனால் அங்கே வேலை செய்ய வெளியிலிருந்து இன்ஜினியர்கள் வரத்தான் செய்வார்கள். அவர்கள் லேப்டாப்பும் பென் டிரைவும் கொண்டு வருவார்கள். சைமன்டெக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பிற்பாடு கண்டுபிடித்தபடி, ஸ்டக்ஸ்நெட் முதலில் ஈரானில் உள்ள ஐந்து நிறுவனங்களைக் குறி வைத்து விடப்பட்டிருந்தது. கோட்டைக்குள் நேரடியாக நுழைய முடியாதவர்கள், கோட்டைக்குப் போய்வருபவர்களின் பையில் ஏறிக்கொண்டார்கள்.

பென் டிரைவில் வைரஸ் வருவது புதிதல்ல. ஆட்டோரன் மூலம் தானாக ஓடும் வைரஸ்கள் அந்தக் காலத்தில் ஏராளம். ஆட்டோரனை நிறுத்திவிட்டால் அவற்றிலிருந்து பெரும்பாலும் தப்பிக்கலாம். ஸ்டக்ஸ்நெட்டிடம் அந்த வித்தை பலிக்கவில்லை. டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் ஐகான்கள் இருக்கும் அல்லவா? அந்த ஐகானின் படத்தை விண்டோஸ் எடுத்துக் காட்டும் முறையில் ஒரு ஓட்டை இருந்தது. அந்த ஃபைல் உள்ள பென் டிரைவைச் செருகி, ஃபோல்டரைத் திறந்து ஐகான் கண்ணில் பட்டாலே வைரஸ் ஓடத் தொடங்கிவிடும். டபுள் கிளிக் கூடத் தேவையில்லை.

சாஃப்ட்வேர் தயாரித்தவருக்கே இன்னும் தெரியாத ஓட்டையை 'ஜீரோ டே' என்பார்கள். சரி செய்ய அவருக்குக் கிடைத்த அவகாசம் பூஜ்ஜியம் நாள் என்று அர்த்தம். ஒரு வைரஸில் இப்படி ஒன்று இருந்தாலே பெரிய விஷயம். ஸ்டக்ஸ்நெட்டில் நான்கு இருந்தன. போதாதென்று, இந்த டிரைவர் நம்பகமானது என்று விண்டோஸுக்குக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழ்களையும் அது வைத்திருந்தது. தைவானின் ரியல்டெக், ஜேமைக்ரான் ஆகிய நிறுவனங்களிடமிருந்து திருடப்பட்ட நிஜமான சான்றிதழ்கள் அவை. உங்கள் கம்ப்யூட்டரின் சவுண்ட் டிரைவரில் ரியல்டெக் என்ற பெயரை நீங்களே பார்த்திருக்கலாம். அதே நிறுவனம்தான்.

இவ்வளவு செய்துவிட்டு அது என்ன செய்யும்? பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் ஒன்றுமே செய்யாது. ஸ்டெப் 7 இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால், அதனுடன் எந்த மாடல் பி.எல்.சி. இணைந்திருக்கிறது என்று பார்க்கும். பிறகு மோட்டார் வேகத்தை மாற்றும் கருவிகள் ஃபின்லாந்தின் வேகன் அல்லது ஈரானின் ஃபராரோ பாயா தயாரிப்புதானா, அவை 807 முதல் 1,210 ஹெர்ட்ஸுக்குள் ஓடுகின்றனவா என்று சோதிக்கும். எல்லாம் பொருந்தினால்தான் வேலையைத் தொடங்கும். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, தேடும் ஆள் இல்லை என்றால் சத்தம் போடாமல் திண்ணையிலேயே உட்கார்ந்துகொள்ளும் ரகம்!

15 நிமிடம் வேகம், 27 நாள் மௌனம்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பிடித்த என்று சொல்லலாமா என்றும் யோசனையாக இருக்கிறது. தொழில்ரீதியாகப் பார்த்தால் அசந்து போகிறேன்.

சரியான இடம் கிடைத்ததும் ஸ்டக்ஸ்நெட் வேகத்தை 1,410 ஹெர்ட்ஸுக்கு ஏற்றும். அந்த அலுமினியக் குழாய் தாங்கக்கூடிய உச்ச வேகத்துக்கு மிக அருகில் உள்ள அளவு அது. 15 நிமிடம் மட்டும். பிறகு பழைய வேகத்துக்கே திரும்பிவிடும். அடுத்த 27 நாட்கள் ஒன்றும் நடக்காது. அதன் பிறகு வேகத்தை 2 ஹெர்ட்ஸுக்கு, அதாவது கிட்டத்தட்ட நிற்கும் நிலைக்கு இறக்கும். 50 நிமிடம் கழித்து மறுபடியும் பழைய வேகம். திரும்பவும் 27 நாள் மௌனம்.

ஏன் இத்தனை பொறுமை? எல்லாவற்றையும் ஒரே நாளில் உடைத்திருந்தால் உடனே சந்தேகம் வந்து கம்ப்யூட்டரைப் பிரித்துப் பார்த்திருப்பார்கள். மாதத்துக்கு ஒரு முறை சில கருவிகள் மட்டும் கெட்டால்? பொருளில் கோளாறு, பொருத்தியவர் சரியில்லை, டிசைனில் குறை என்று ஒருவரை ஒருவர் சந்தேகப்படுவார்கள். தன் வேலையின் மேலேயே இன்ஜினியருக்கு நம்பிக்கை போய்விடும்.

இந்த நேரத்தில் யாராவது பி.எல்.சி.க்குள் இருக்கும் புரோகிராமைப் படித்துப் பார்த்தால்? அதற்கும் ஏற்பாடு இருந்தது. ஸ்டெப் 7 சாஃப்ட்வேரும் பி.எல்.சி.யும் பேசிக்கொள்ள உதவும் ஒரு டி.எல்.எல். ஃபைலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தன் ஃபைலை வைத்துவிடும். இன்ஜினியர் புரோகிராமைக் கேட்டால் மாற்றப்படாத பழைய புரோகிராமையே காட்டும். ஸ்டக்ஸ்நெட்டின் முந்தைய வடிவம் ஒன்று வேகத்தைத் தொடாமல் வால்வுகளை மூடி உள்ளே அழுத்தத்தை ஏற்றியது. அது இன்னும் கெட்டிக்காரத்தனமானது. எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது 21 நொடிக்கு அளவுகளைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளும். தாக்குதல் நடக்கும்போது அதையே திரும்பத் திரும்பக் கண்ட்ரோல் ரூமுக்கு ஓட்டிக் காட்டும். வாட்ச்மேன் பார்க்கும் கேமரா டி.வி.யில் நேற்றைய கேசட்டைப் போட்டுவிட்டுத் திருடுவதைச் சினிமாவில் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

2009-ன் கடைசியிலும் 2010-ன் தொடக்கத்திலும் நடான்ஸில் சுமார் 1,000 சென்ட்ரிஃபியூஜ்கள் கழற்றி மாற்றப்பட்டதாக, சர்வதேச அணுசக்தி முகமையின் கணக்குகளை வைத்து ஆய்வாளர்கள் கணித்தார்கள். அவை எல்லாமே ஸ்டக்ஸ்நெட்டால் கெட்டவை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சில கருவிகளுக்கு ஒரு சாஃப்ட்வேர் தொல்லை கொடுத்தது என்பதை அப்போதைய ஈரான் அதிபர் அஹ்மதினெஜாதே 2010 நவம்பரில் ஒப்புக்கொண்டார்.

யார் எழுதியது?

அமெரிக்காவும் இஸ்ரேலும் சேர்ந்து செய்தது என்று 2012 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. ஜார்ஜ் புஷ் காலத்தில் தொடங்கி ஒபாமா காலத்திலும் தொடர்ந்த இதற்கு 'ஒலிம்பிக் கேம்ஸ்' என்பது ரகசியப் பெயராம். இரண்டு அரசுகளும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டதில்லை. யாராக இருந்தாலும், அதே சென்ட்ரிஃபியூஜ்களை எங்கேயோ வாங்கியோ செய்தோ ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஒரு சாதாரண பில்லிங் சாஃப்ட்வேரையே மூன்று முறை டெஸ்ட் செய்யாமல் நாங்கள் வெளியே விடுவதில்லை. டெஸ்ட் செய்யாமல் யாராவது போருக்குப் போவார்களா?

ஒன்றைக் கவனியுங்கள். நேரடியாகப் போரே அறிவிக்காமல் ஒரு நாட்டின் தொழிற்கூடத்தை இன்னொரு நாடு உடைக்க முடிந்தது. யார் செய்தது என்று நிரூபிப்பதும் கடினம், எனவே பதிலடி கொடுப்பதும் கடினம். அதற்காகக் குண்டுகளுக்கு வேலை போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். 2025 ஜூனில் அதே நடான்ஸ் மீது முதலில் இஸ்ரேலும் பிறகு அமெரிக்காவும் நிஜமான குண்டுகளையே வீசின.

இந்தியா மூன்றாவது இடம்

ஸ்டக்ஸ்நெட் குறி வைத்தது நடான்ஸை. ஆனால் அது வெளியே பரவிவிட்டது. 2010 ஜூனில் ஈரானில் ஒரு கம்ப்யூட்டர் ஓயாமல் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தது. அதைச் சோதித்த பெலாரஸ் நாட்டின் ஒரு சிறிய ஆன்ட்டி வைரஸ் நிறுவனம்தான் இதை முதலில் பிடித்தது. 2010 செப்டம்பர் முடிவில் சைமன்டெக் எடுத்த கணக்கின்படி சுமார் 1 லட்சம் கம்ப்யூட்டர்களில் அது இருந்தது. கிட்டத்தட்ட 60 சதவீதம் ஈரானில். அடுத்தது இந்தோனேசியா. மூன்றாவது இடம் இந்தியாவுக்கு. நமக்கும் அந்தச் சண்டைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. பென் டிரைவுக்கு எல்லைக்கோடு தெரியாது, அவ்வளவுதான்.

இங்கேதான் சாஃப்ட்வேர் ஆயுதத்துக்கும் சாதாரண ஆயுதத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் வருகிறது. குண்டு வெடித்தால் தீர்ந்துபோகும். சாஃப்ட்வேரோ முழுதாக எதிரியின் கையில் போய்ச் சேரும். அவர் பிரித்துப் பார்க்கலாம், காப்பி எடுக்கலாம். ஷார்ட்கட் ஐகான் ஓட்டை வெளியே தெரிந்த சில வாரங்களிலேயே வேறு சாதாரண வைரஸ்களும் அதைப் பயன்படுத்தத் தொடங்கின. மைக்ரோசாஃப்ட் 2010 ஆகஸ்ட் 2-ல் அவசரமாக ஒரு அப்டேட் வெளியிட்டது.

இதைவிட மோசமான உதாரணம் 2017-ல் வந்தது. அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. தன் உபயோகத்துக்கு வைத்திருந்த 'எடர்னல் புளூ' என்ற விண்டோஸ் தாக்குதல் கருவி திருடுபோய், அந்த ஏப்ரலில் இன்டர்நெட்டில் எல்லோருக்கும் கிடைத்தது. மே மாதம் அதை வைத்து வானாக்ரை வந்தது. ஜூன் 27-ல் நாட்பெட்யா.

நாட்பெட்யா கிளம்பிய இடம் உக்ரைன். அங்கே வரிக் கணக்குக்குப் பலரும் உபயோகிக்கும் எம்.இ.டாக் என்ற சாஃப்ட்வேரின் அப்டேட்டுக்குள் அதை ஒளித்து வைத்துவிட்டார்கள். 300 டாலர் கொடுத்தால் ஃபைல்களைத் திருப்பித் தருவோம் என்று திரையில் எழுதிக் காட்டும். அது வெறும் நாடகம். பணம் கட்டினாலும் திரும்பக் கிடைக்க வழியே வைக்கவில்லை. அழிப்பது மட்டுமே நோக்கம். ரஷ்ய ராணுவத்தின் வேலை என்று 2018 பிப்ரவரியில் அமெரிக்காவும் பிரிட்டனும் அறிவித்தன. ரஷ்யா மறுத்தது.

உக்ரைனில் ஆபீஸ் வைத்திருந்த வெளிநாட்டு நிறுவனங்கள் வழியாக அது உலகம் முழுக்கப் போனது. டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தில் மட்டும் 45,000 கம்ப்யூட்டர்களிலும் 4,000 சர்வர்களிலும் எல்லாவற்றையும் புதிதாக இன்ஸ்டால் செய்ய வேண்டி வந்தது. மும்பை அருகே உள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்களின் முனையத்திலும் கன்டெய்னர் வேலைகள் முடங்கின.

மெர்ஸ்க்கில் யார் யார் எந்தக் கம்ப்யூட்டரை உபயோகிக்கலாம் என்ற பதிவேட்டை வைத்திருந்த முக்கிய சர்வர்கள் உலகெங்கும் இருந்தன. ஒன்று கெட்டால் மற்றொன்றிலிருந்து எடுக்கலாம் என்பது ஏற்பாடு. எல்லாம் ஒரே நேரத்தில் அழியும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் ஒரு சர்வர் மட்டும் பிழைத்திருந்தது. எப்படி என்கிறீர்களா? தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் போயிருந்தது! அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கானா ஊழியர் நைஜீரியா விமான நிலையம் வரை கொண்டு வந்து கொடுக்க, இன்னொருவர் அங்கிருந்து அதை லண்டனுக்கு எடுத்துப் போனார். பவர் கட்டை நாம் திட்டாத நாளில்லை. மெர்ஸ்க்கைக் காப்பாற்றியது அதுதான்.

நாட்பெட்யாவால் மெர்க் என்ற மருந்து நிறுவனமும் பெரும் நஷ்டம் அடைந்து, சுமார் 140 கோடி டாலர் இன்ஷூரன்ஸ் கேட்டது. போரினால் வரும் சேதத்துக்குப் பணம் தர முடியாது என்று ஷரத்து இருக்கிறதே என்றன இன்ஷூரன்ஸ் கம்பெனிகள். இது போரா, இல்லையா? அமெரிக்காவில் நியூஜெர்சி கோர்ட், அந்த ஷரத்து இதற்குப் பொருந்தாது என்று மெர்க் பக்கம் தீர்ப்பு சொன்னது. 2023-ல் மேல்கோர்ட்டும் அதையே சொன்னது. 2024 ஜனவரியில் மிச்சமிருந்த கம்பெனிகள் சமரசம் செய்துகொண்டன. போர் எது என்பதைத் தளபதிகளை விட்டுவிட்டு வக்கீல்கள் முடிவு செய்யும் காலம் வந்துவிட்டது.

உங்கள் கம்ப்யூட்டரும் சிப்பாய் ஆகலாம்

'நான் வீட்டில் படம் பார்க்கிறேன், பையன் ப்ராஜெக்ட் செய்கிறான், என் கம்ப்யூட்டர் யாருக்கு வேண்டும்?' என்று கேட்கலாம். 2007 ஏப்ரல் கடைசியில் எஸ்டோனியா என்ற சிறு நாட்டின் அரசு, பேங்க், பத்திரிகை வெப்சைட்டுகள் மூன்று வாரம் திணறின. ஒரே நேரத்தில் ஏராளமான கம்ப்யூட்டர்கள் அவற்றைத் திறந்துகொண்டே இருந்ததால் நிஜமான வாடிக்கையாளருக்கு வழி கிடைக்கவில்லை. அப்படித் திறந்தவற்றில் பெரும்பகுதி பல நாடுகளைச் சேர்ந்த சாதாரண கம்ப்யூட்டர்கள். வைரஸ் புகுந்து, வேறு யாரோ இயக்கும் பொம்மைகளாக மாறியவை. உரிமையாளர்களுக்கு அது தெரியவே தெரியாது.

2015 டிசம்பர் 23 மாலை, மேற்கு உக்ரைனில் ஒரு மின்வாரிய ஆபீசில் ஊழியர் கண் முன்னாலேயே மவுஸ் அம்பு தானாக நகர்ந்து துணை மின்நிலையங்களை ஒவ்வொன்றாக நிறுத்தியது. அவரால் தடுக்க முடியவில்லை. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் குளிர்கால இருட்டு. ஊழியர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கையால் சுவிட்சைப் போட்டதால் சில மணி நேரத்தில் மின்சாரம் வந்தது. பழைய கைச் சுவிட்சுகளை அவர்கள் அகற்றாமல் வைத்திருந்ததுதான் நல்லதாகப் போயிற்று. அந்தத் தாக்குதலின் முதல் படி என்ன தெரியுமா? இமெயிலில் வந்த ஒரு ஆபீஸ் ஃபைல். அதைத் திறந்தவர் 'மேக்ரோவை அனுமதிக்கவும்' என்ற பட்டனை அழுத்தினார்.

எனவே முன்பின் தெரியாதவர் அனுப்பும் வேர்டு, எக்ஸெல் ஃபைலில் அந்தக் கேள்வி வந்தால் அழுத்தாதீர்கள். விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைக்காதீர்கள். எடர்னல் புளூ ஓட்டைக்கு 2017 மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் அப்டேட் கொடுத்துவிட்டது. மே மாதம் வானாக்ரையிடம் மாட்டியவர்கள் அதைப் போடாதவர்கள்தான். நாட்பெட்யா கொஞ்சம் வேறு மாதிரி. ஒரு கம்ப்யூட்டரின் மெமரியிலிருந்து பாஸ்வேர்டை எடுத்து, அதே நெட்வொர்க்கில் இருந்த, அப்டேட் போட்ட கம்ப்யூட்டருக்குள்ளும் நுழைந்தது. அதனால் முக்கியமான ஃபைல்களுக்கு ஒரு காப்பியைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, கேபிளைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். இணைத்தே வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து அழியும்.

செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் எந்த விண்டோஸ் இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

கடைசியாகப் பென் டிரைவ். ஜெராக்ஸ் கடைக்கு பிரிண்ட் எடுக்கப் போகும்போதுதான் நம்மில் பலருக்கு வைரஸ் வந்து சேர்கிறது. அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு நாளைக்கு எத்தனை பேருடைய பென் டிரைவ் ஏறி இறங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். முடிந்தவரை ஃபைலைக் கடைக்காரருக்கு மெயிலில் அனுப்பி பிரிண்ட் எடுங்கள். கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கென்று பழைய பென் டிரைவ் ஒன்றைத் தனியாக வைத்து, அந்த ஒரு ஃபைலை மட்டும் போட்டுக் கொண்டு போங்கள். வீட்டுக்கு வந்ததும், அதைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே, 'மை கம்ப்யூட்டர்' அல்லது 'திஸ் பிசி' பகுதியில் அந்த டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுங்கள். பிறகு அதே இடத்தில் ஃபார்மேட் செய்துவிடுங்கள்.